முதல் துள்ளலிலேயே மேலே எழும்பட்டும்!

2025 நவம்பரில் திருச்சி–புதுக்கோட்டை நெடுஞ்சாலையில் ஒரு பயிற்சி விமானம் அவசரமாக இறங்கியது. உள்ளே இருந்த இருவரும் தப்பினார்கள், நாடே பார்த்தது. இப்படி நடுவானில் கோளாறு வந்தால்தான் செய்தி. ஆனால், கற்றுக்குட்டி விமானிகள் அதிகம் தடுமாறுவது, எந்தக் கோளாறும் இல்லாத விமானத்தை ஓடுபாதையில் இறக்கும் கடைசிச் சில விநாடிகளில்தான்.

செஸ்னா 152 போன்ற இரண்டு இருக்கை விமானம் மணிக்குச் சுமார் 110 கிலோமீட்டர் வேகத்தில் தரையை நெருங்கும். வேகம் சற்றுக் கூடிவிட்டால், தரையை ஒட்டி வந்தபின்னும் இறங்காமல் மிதந்துகொண்டே போகும். ஓடுபாதை தீர்கிறதே என்று மாணவர் பதறி மூக்கைத் தாழ்த்துவார். முன்சக்கரம் முதலில் இடிக்கும், விமானம் துள்ளும். மறுபடி அழுத்தினால் இன்னும் பலமாகத் துள்ளும். அடுத்தடுத்த மோதலில் முன்சக்கரம் முறிந்து, புரொப்பெல்லர் தரையில் உரசும். பக்கக்காற்றும் சேர்ந்துகொண்டால் விமானம் ஓடுபாதையை விட்டே விலகிவிடும். பயிற்றுநர் அருகில் இருந்தால் கட்டுப்பாட்டை வாங்கிக்கொள்வார். சோலோ பறப்பில் அந்த இருக்கை காலி.

முதல் துள்ளலிலேயே முழு விசை கொடுத்து மேலே எழும்பி, ஒரு சுற்று வந்து மறுபடி இறங்குவதுதான் இதற்கு வழி. ‘கோ-அரவுண்ட்’ என்னும் இந்தப் பாடத்தைப் படிக்காத மாணவர் இல்லை. பிறகு ஏன் தயங்குகிறார்கள்? கூச்சம்! கூடப் படிப்பவர்கள் கீழே நின்று பார்க்கிறார்கள்; ‘இவனுக்கு இன்னும் இறக்கத் தெரியவில்லை’ என்று பேர் வந்துவிடுமோ என்ற பயம். வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். பல லட்சம் ரூபாய் செலவு, அதில் பெரும்பகுதி பல வீடுகளில் கடன். இருபது வயதுப் பிள்ளை அத்தனையையும் சுமந்துகொண்டுதான் அந்த ஓடுபாதைக்கு வருகிறது. இத்தனைக்கும், கூடுதலாகச் சுற்றிய அந்த நிமிடங்களும் பறந்த கணக்கில்தான் சேரும்.

விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2025 முதல் பயிற்சி நிறுவனங்களைத் தரவரிசைப்படுத்துகிறது. பாதுகாப்புக்கும் அதில் மதிப்பெண் உண்டு, நல்ல தொடக்கம். மாணவர் இறங்காமல் மேலெழுந்து வந்தால், முகம் சுளிக்காமல் தட்டிக்கொடுக்கும் பயிற்றுநர்கள் அங்கே இருக்கிறார்களா என்றும் ஆய்வாளர்கள் விசாரிக்க வேண்டும்.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளையிடம் போனில் பேசும்போது, “சோலோ எப்போ? எத்தனை மணி நேரம் முடிஞ்சுது?” என்று தயவுசெய்து அவசரப்படுத்தாதீர்கள்.