உருப்போட்ட முறை உதவுமா?

ஒரு வேலையைக் கணிப்பொறி எந்தெந்தப் படிகளாகச் செய்து முடித்தல் வேண்டும் என்று பிழையற வகுத்துத் தருவதே படிமுறை. ஆங்கிலத்தார் அதனை அல்காரிதம் என்பர். அஃது அவர்தம் சொல்லன்று. 9ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அல்குவாரிசுமி என்னும் கணக்கறிஞரின் பெயர் இலத்தீன் வழியே திரிந்து வந்ததாகும். சொல்லை இரவல் வாங்கிய அவர்கள் கலையைத் தம் மொழியிலேயே கற்கின்றனர். தமிழ் மாணவனோ, தமிழிற் சொல் இருந்தும், கலையைப் பிறர் மொழியில் உருப்போடுகின்றான்.

உருப்போடுவதன் எல்லை எது என்பதைத் தமிழகம் முன்பே கண்டதுண்டு. சென்னை வானாய்வகத்தில் முன்னர்ப் பணியாற்றிய சான் வாரன் என்பார், புதுவையில் வாழ்ந்த தமிழ் ஐந்திறக் கணியர் (பஞ்சாங்கம் கணிப்பவர்) ஒருவரைப் பற்றி எழுதியுள்ளார். நெஞ்சிற் பதித்த சொற்களைக் கொண்டு, தரையில் சோழிகளை வைத்தே, 1825ஆம் ஆண்டு மே 31ஆம் நாளிரவு நேர்ந்த நிலவு மறைப்பை அவர் கணித்தார். தொடக்கத்தில் 4 மணித்துளியே பிழை. முடிவிலோ 52 மணித்துளி! வியத்தகு திறனே. ஆயினும், அம்முறைக்கு அடிப்படையான வானியற் கொள்கை எதுவும் அவர்க்குத் தெரியாது என்கின்றார் வாரன். ஏன் என்று அறியாதவர் பிழையைத் திருத்துவது எங்ஙனம்?

இளங்கலைக் கணிப்பொறி மாணவனும் இன்று அந்நிலையிலேயே நிறுத்தப்படுகின்றான். ஆழ்வார்பேட்டையிலிருந்து கல்லூரி செல்லும் தமிழ்வழி மாணவன் ஒருவனை எண்ணிப் பாருங்கள். 1,00,000 சொற்கள் கொண்ட அகரமுதலியை நடுவிற் பிரித்து, தேடும் சொல் எப்பாதியில் உள்ளதெனக் கண்டு, மறுபாதியை ஒதுக்கிக்கொண்டே சென்றால், 17 பார்வைக்குள் சொல் கிட்டும். இதனைத் தமிழில் விளக்கினால், அகரவரிசை குலைந்தால் முறையும் குலையும் என்பதை அவனே சொல்லிவிடுவான். ஆங்கிலத்தில் ஒப்பித்தவனோ, தேர்வில் மதிப்பெண் பெறுவான். வரிசை ஏன் வேண்டும் என்று கேட்டால் விழிப்பான்.

வேலைக்கு ஆங்கிலம் வேண்டுமே என்பர். வேண்டுமெனின் அதனை மொழியாகக் கற்கட்டும். அறிவு புகும் வாயிலாக அதனை வைத்தல் தகாது. கிண்டி அண்ணா பல்கலைக்கழகம் 2010ஆம் ஆண்டிலேயே குடிசார் பொறியியலையும் எந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் தொடங்கிற்று. பாலமும் எந்திரமும் தமிழுக்கு அடங்குமாயின், படிமுறை அடங்காதா?

கணிப்பொறி ஆசிரியர்களே! முதற்கண் தமிழில் விளக்குங்கள். 'ஏன்' என்பதற்கு மாணவன் தன் சொல்லில் விடை கூறட்டும். அதன்பின் கணிப்பொறி மொழியில் எழுதட்டும். கணிக்கும் திறன் தமிழர்க்குப் பண்டே உண்டு. ஏன் என்று கேட்கும் உரிமையையும் தமிழிலேயே கொடுங்கள்!