கிணற்று விளக்குக்கு எந்த பேட்டரி?
கணியூர்ப் பக்கம் கிணற்றில் விழுந்த மோட்டாரைத் தேடி மூழ்குபவருக்கு விளக்கு வேண்டும், பி.வி.சி. குழாயில் எல்.இ.டி.யை அடைத்துத் தாமே செய்துகொள்வதில் தவறில்லை. உள்ளே பழைய லேப்டாப்பிலிருந்து உருவிய 18650 லித்தியம் செல்களைப் போடுவதுதான் உறுத்துகிறது. 3.7 வோல்ட், கைக்கடக்கம், ஏறக்குறைய இனாம் என்பதெல்லாம் சரி. ஆனால் தேய்மானம் வேறுபட்ட செல்களைத் தொடராக இணைத்தால் நலிந்தது முதலில் தீரும். மற்றவை அதன் வழியே மின்சாரத்தைத் தள்ளிக்கொண்டே இருக்கும். அது சூடேறி வாயு கக்கினால், தண்ணீர் புகாதபடி நாம் இறுக்கிய குழாயே வெடிகுண்டாகிவிடும். அதற்குப் பதிலாக 1.2 வோல்ட் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்களைப் போடலாம் என்றால், அவை கனமாயிற்றே என்பார்கள். ஸ்கூபாக்காரர்கள் மிதக்காமலிருக்க இடுப்பில் ஈயமே கட்டுகிறார்கள். நீருக்கடியில் கனம் ஒரு குறையா? வெளிச்சம் குறைவு என்பதும் பெரிய வாதமில்லை. கலங்கிய நீரில் அதிக ஒளி சேற்றுத் துகளில் பட்டுக் கண்ணுக்கே திரும்பும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் சாதுவானதுதானே? ஆமாம், புதிதாக, பாதுகாப்புச் சுற்றோடு வாங்கினால். அந்தச் செலவுக்குத் தயங்கித்தானே லேப்டாப்பைப் பிரித்தோம். நிக்கலும் முழுச் சாது இல்லை. அளவுக்கு மீறி சார்ஜ் ஏற்றினால் ஹைட்ரஜன் விடும் என்பதால், செல்களைக் குழாயிலிருந்து எடுத்து வெளியே வைத்துத்தான் ஏற்ற வேண்டும்.