தழும்புக்கு எண்ணெய் போதுமா?

திருச்சுழிப் பக்கம் சீமைக்கருவேலம் வெட்டி, மூட்டம் போட்டுக் கரி எடுக்கிறவர்களின் முன்னங்கையைப் பாருங்கள். முள் கிழித்த கோடுகளுக்கு நடுவே, தணல் பட்டு ஆறிய இடம் தடித்து, பளபளவென்று மேடிட்டு நிற்கும். அந்தக் கூலியாட்களிடம் 'தழும்பு மறையும்' என்று விலையுயர்ந்த வைட்டமின் ஈ எண்ணெய் விற்பது எனக்கு வயிற்றெரிச்சல். 1999இல் மயாமியில் நடந்த சிறு ஆய்வில், வைட்டமின் ஈ தடவிய பத்தில் ஒன்பது தழும்புகளுக்குப் பலனில்லை, அல்லது மோசமாயின; மூன்றில் ஒருவருக்கு ஒவ்வாமை வந்தது. வீட்டுத் தேங்காய் எண்ணெய் தோலை வறளவிடாது, அவ்வளவுதான். புண் முழுக்க ஆறியபின் அழுத்தி நீவினால் இறுக்கம் கொஞ்சம் தளரலாம். அது விரலின் வேலை, குப்பியின் வேலையல்ல. இந்த வெயிலில் புதுத்தழும்பு கறுத்துப்போகும், முழுக்கைச் சட்டையால் மூடுங்கள். தடித்த தழும்புக்கு மருத்துவர்கள் முதலில் சொல்வது சிலிக்கோன் பட்டை. நாளுக்கு 12 மணி நேரமாவது, மாதக்கணக்கில் ஒட்டியிருக்க வேண்டும். கரிமூட்டத் தொழிலாளிக்கு அந்தச் செலவு கட்டாது. அரசு மருத்துவமனைகளில் அது தட்டுப்பாடின்றி இலவசமாகக் கிடைக்க வேண்டும். முழங்கையை நீட்ட முடியாதபடி தழும்பு இழுத்தால் எண்ணெயை நம்பிக் காத்திருக்காதீர்கள், மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்குப் போய்க் காட்டுங்கள்.