டேப் தானாக அழியாது

போன மாதம் நண்பர் ஒருவர் வீட்டு மொட்டைமாடியில் பேச்சு பிரிட்டிஷ் ஃபோக்-ராக் பக்கம் திரும்பியது. ஃபேர்போர்ட் கன்வென்ஷன் 1969இல் பிபிசியின் 'டாப் ஆஃப் த பாப்ஸ்' நிகழ்ச்சியில் தோன்றிய காட்சியைப் பல வருஷம் தேடினேன், கடைசியில்தான் தெரிந்தது, அந்த டேப்பே இப்போது இல்லை என்று சொன்னேன். நண்பர் சிரித்தார். "நாட்டுப்புறப் பாட்டுக்கு எதுக்குய்யா டேப்பு? வாய்வழியா வந்தது, வாய்வழியாவே போகும். தொலையறதுதான் அதோட அழகு." உட்கார்ந்திருந்த மூன்று பேரும் தலையாட்டினார்கள். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்து ரெண்டு நாள் கோபமாகவே இருந்தேன்.

முதலில் தொலைந்தது என்ன என்று பார்ப்போம். 1969 மே 12ஆம் தேதி அதிகாலை. பர்மிங்ஹாமில் கச்சேரி முடித்துத் திரும்பிக்கொண்டிருந்த ஃபேர்போர்ட் வேன் எம்1 நெடுஞ்சாலையில் கவிழ்ந்தது. டிரம்மர் மார்ட்டின் லாம்பிள் இறந்தார். வயது 19. ரிச்சர்ட் தாம்சனின் தோழி ஜீனி ஃபிராங்க்ளினும் இறந்தார். குழு கலைந்துவிடும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அந்தக் கோடையில் லாம்பிள் வாசித்த ஒரு பாட்டு சிங்கிளாக வெளிவந்தது. பாப் டிலனின் பாட்டை விளையாட்டாக பிரெஞ்சில் மாற்றிய 'சி து த்வா பார்த்திர்'. நாற்காலி முதுகுகளைத் தட்டி அவர் போட்ட தாளம் அதில் இருக்கிறது. பாட்டு பிரிட்டிஷ் தரவரிசையில் 21ஆம் இடம் வரை போனது. அதனால் 'டாப் ஆஃப் த பாப்ஸ்' கூப்பிட்டது. டிரம்மரைப் பறிகொடுத்துச் சில மாதம்கூட ஆகாத குழு, நாடே பார்க்கும் நிகழ்ச்சியில், ஒரு வேடிக்கைப் பாட்டோடு போய் நின்றது. அந்த முகங்களைத்தான் நாம் இனி பார்க்க முடியாது.

"ஆல்பம் இருக்கே, போதாதா?" போதாது. அந்த நிகழ்ச்சியில் சும்மா ரெக்கார்டை ஓடவிட்டு வாயசைக்க முடியாது. இசைக்கலைஞர்கள் சங்கத்தோடு 1966இல் வந்த உடன்பாட்டின்படி பின்னணி இசையை நிகழ்ச்சிக்கென்றே மறுபடி பதிவு செய்ய வேண்டும், அல்லது நேரடியாகப் பாட வேண்டும். அதில் தில்லுமுல்லும் நடந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் விதிப்படி பார்த்தால் டிவியில் நடந்தது இன்னொரு நிகழ்த்துதல். ஆல்பத்தை அதன் நகலாக வைத்துக்கொள்ள முடியாது.

இப்போது 'வாய்வழி' வாதத்துக்கு வருகிறேன். கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் வரலாறு அப்படி நடக்கவில்லை. அதே 1969இன் கடைசியில் ஃபேர்போர்ட் வெளியிட்ட 'லீஜ் அண்ட் லீஃப்' ஆல்பம்தான் பிரிட்டிஷ் ஃபோக்-ராக்கின் அஸ்திவாரம். அதில் வரும் 'டாம் லின்', 'மேட்டி க்ரோவ்ஸ்' எல்லாம் பாட்டி மடியில் கேட்டுப் பழகியவை என்றா நினைக்கிறீர்கள்? குழுவின் பேஸ் கிதார் கலைஞர் ஆஷ்லி ஹட்சிங்ஸ் லண்டனில் சிசில் ஷார்ப் ஹவுஸ் நூலகத்தில் உட்கார்ந்து தேடினார். அங்கே தேட ஏதாவது இருந்ததற்குக் காரணம், 1903இல் சிசில் ஷார்ப் சாமர்செட் கிராமங்களில் பாட்டுகளை எழுதி எடுக்க ஆரம்பித்தது. அதற்கும் முன்னால் பிரான்சிஸ் ஜேம்ஸ் சைல்ட் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 305 கதைப்பாடல்களை, ஒவ்வொன்றின் பல வடிவங்களோடு, எண் போட்டுத் தொகுத்திருந்தார். டாம் லின் 39. மேட்டி க்ரோவ்ஸ் 81. வாய்வழி மரபு என்று நாம் கொண்டாடுவதில் பெரும்பங்கு, யாரோ ஒருவர் 'இது தொலைந்துவிடும்' என்று பயந்து குறித்துவைத்ததால் வந்தது. அந்தப் பயம் இல்லாமல் போயிருந்தால் ஃபோக்-ராக்கே இல்லை.

இன்னொன்று. 1952 முதல் 1957 வரை பிபிசியே ஒரு திட்டம் நடத்தியது. பீட்டர் கென்னடி, ஷேமஸ் என்னிஸ் போன்றவர்களை ஊர் ஊராக அனுப்பி, வயதான பாடகர்களைத் தேடிப் பிடித்து, பாட்டையும் பேச்சுவழக்கையும் ஒலிப்பதிவு செய்தது. உழவரும் மீனவரும் பாடிய பாட்டைக் காப்பாற்ற ஊருக்கு ஊர் ஆள் அனுப்பிய நிறுவனம், பத்துப் பதினைந்து வருஷம் கழித்து அந்த மரபில் வந்த பிள்ளைகள் தன் ஸ்டூடியோவுக்கே வந்து பாடியபோது டேப்பை அழித்துவிட்டு அதன்மேல் வேறெதையோ பதிவு செய்தது.

"டேப் விலை அப்படி" என்பார்கள். உண்மைதான். அன்றைய 2 அங்குல வீடியோ டேப் பயங்கர விலை. அழித்து மறுபடி பயன்படுத்தலாம். சங்க ஒப்பந்தங்களால் மறுஒளிபரப்புக்கும் கட்டுப்பாடு இருந்தது, வீட்டு வீடியோ சந்தை என்று ஒன்று அப்போது கிடையாது. ஃபோக் என்பதால் இளக்காரம் என்றும் சொல்ல மாட்டேன். மனிதன் நிலவில் இறங்கிய இரவு பிபிசி ஸ்டூடியோவிலிருந்து ஒளிபரப்பியதுகூட இன்று இல்லை. ஆனால் இதே டேப், இதே விலை, ஜெர்மனியில் ரேடியோ பிரெமன் தன் 'பீட் கிளப்' நிகழ்ச்சிகளை வைத்திருந்தது. அப்படியென்றால் வைத்திருக்க முடிந்தது. விலை ஒரு காரணம், அவ்வளவுதான். முடிவை மனிதர்கள் எடுத்தார்கள்.

எந்த மனிதர்கள்? இங்கேதான் எனக்குச் சொந்த அனுபவம் பேச வருகிறது. என் முதல் வேலையில், பெயர் வேண்டாம், தினமும் ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு ஸ்கிரிப்ட் ஓடும். 90 நாளுக்கு மேல் பழைய ஃபைல்களை அழிக்கும். ஒருநாள் ஒரு வாடிக்கையாளருக்குப் பழைய பதிவு ஒன்று அவசரமாகத் தேவைப்பட்டது. இல்லை. 90 என்று யார் முடிவு செய்தது? ஸ்டோரேஜ் டீம் எங்களைக் காட்டியது, நாங்கள் அவர்களைக் காட்டினோம். ஸ்கிரிப்டை எழுதியவர் வேலையை விட்டுப் போய் மூன்று வருஷம். ஒருவரும் அழிக்கவில்லை, ஆனால் அழிந்துவிட்டது. அன்றைக்கு நானும் கையை விரித்தவன்தான்.

பிபிசியிலும் கிட்டத்தட்ட இதே கதை. ஃபிலிம் நூலகத்தின் பொறுப்பு ஃபிலிம். வீடியோ டேப் இன்ஜினியரிங் ஆட்களுடையது, அவர்களுக்கு அது மறுபடி பயன்படும் சரக்கு. முழுமையான ஆவணக் கொள்கை வர 1970களின் பிற்பகுதி ஆனது. அதற்குள் 60களின் 'டாப் ஆஃப் த பாப்ஸ்' நிகழ்ச்சிகளில் முழுசாக மிஞ்சியவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஒரு பொருளுக்குச் சொந்தக்காரர் என்று ஒருவர் பெயர் எழுதப்படாவிட்டால் அதன் கதி இதுதான். இதில் அழகு எங்கே இருக்கிறது? நிர்வாகத்தின் ஓட்டைக்குத் தத்துவப் பொன்னாடை போர்த்துகிறோம், அவ்வளவுதான். நிக் டிரேக் பெரியவனானபின் எடுத்த ஒரு அசையும் படம்கூட இதுவரை வெளிவரவில்லை என்பதைச் சிலர் ஏதோ வரம் போலச் சொல்கிறார்கள். 26 வயதில் செத்துப்போனவனைக் கொஞ்சம் பார்க்க முடிந்திருந்தால் அவன் பாட்டு என்ன குறைந்தா போயிருக்கும்?

"இப்பதான் எல்லாம் நெட்ல இருக்கே" என்பவர்களுக்குக் கடைசியாக ஒன்று. பழைய டிவி இசைக் காட்சிகளை நான் சேர்த்துவைத்திருந்த யூடியூப் பட்டியலில் இன்று பல வரிகள் சாம்பல் நிறம். காப்புரிமைப் புகார், மூடப்பட்ட சேனல், காரணம் என்னவாகவும் இருக்கட்டும். அவற்றை ஏற்றியவர்கள் பெரும்பாலும் ரசிகர்கள், எந்த ஆவணக்காப்பகமும் இல்லை. பிடித்த ஒரு காட்சி, ஒரு பேட்டி, ஒரு சிறுபத்திரிகை இணையத்தில் இருக்கிறது என்றால், இப்போதைக்கு யாரோ வாடகை கட்டிக்கொண்டிருக்கிறார் என்று மட்டும் அர்த்தம். அவர் யார், எப்போது நிறுத்துவார் என்று விசாரியுங்கள். ஒரு பிரதி எடுத்துவையுங்கள். எங்கிருந்து, என்றைக்கு எடுத்தது என்று எழுதிவையுங்கள். நூலகத்திடம் கேளுங்கள், நச்சரியுங்கள்.

மொட்டைமாடி நண்பருக்கு மறுவாரம் ஒரு வீடியோ அனுப்பினேன். 1968, பாரிஸ். பிரெஞ்சுத் தொலைக்காட்சியின் 'பூத்தோன் ரூஜ்' நிகழ்ச்சியில் ஃபேர்போர்ட். சாண்டி டென்னி இன்னும் வரவில்லை, ஜூடி டைபில் பாடுகிறார். தாம்சன் சின்னப் பையன் மாதிரி நிற்கிறார். பின்னால் டிரம்ஸில் மார்ட்டின் லாம்பிள், வயது 18. சாவதற்கு இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது. அவரை நாம் இப்படிப் பார்க்க முடிவதற்கு ஒரே காரணம், அந்த டேப்பை அங்கே ஒருவரும் அழிக்கவில்லை.

நண்பர் பதில் போட்டார்: "பையன் நல்லா வாசிக்கிறான்யா."

தொலைந்திருந்தால் இதைச் சொல்லியிருக்க மாட்டார்.