வானை நோட்டம் பார்த்தல்

நிலத்திற் செல்வோனுக்கு வழி கண்ணுக்குத் தெரியும். மேடு பள்ளத்தைக் கால் அறியும். பாலம் உடைந்திருப்பின், முன்னே சென்றவன் திரும்பி வந்து சொல்லுவான். ஆகாயத்திற் செல்வோனுக்கு இவற்றுள் ஒன்றேனும் இல்லை. நள்ளிரவிலே பல நாடுகளின் மேலாகப் பறக்கும் விமானி, தான் கடக்கப்போகும் வெளியில் யாது உளது என்பதைப் புறப்படுமுன் படித்தே அறிதல் வேண்டும். விமானம் எண்ணெயினாற் பறக்கின்றது என்பர். அதற்கும் முன்னர் அது எழுத்தினாற் பறக்கின்றது என்பதே உண்மை. அவ்வெழுத்தைப் பற்றியும், அதனை எழுதுவோர் படிப்போர் இருவர்க்கும் உள்ள கடமையைப் பற்றியும் இவ்வாரம் சிறிது சிந்திப்போம்.

1944 ஆம் ஆண்டு டிசம்பர் 7 ஆம் நாள் சிக்காகோ நகரிலே 52 நாடுகள் ஓர் உடன்படிக்கையிற் கைச்சாத்திட்டன. தன் நிலத்துக்கு மேலுள்ள வானத்தின்மீது ஒவ்வொரு நாட்டுக்கும் முழுமையான தனியாட்சி உண்டு என்பதே அதன் முதலாவது உறுப்புரை. ஆட்சி உள்ள இடத்தில் கடமையும் உண்டன்றோ? தன் வானத்தையும் விமான நிலையங்களையும் பற்றி விமானிகள் அறியவேண்டியவற்றை உரிய காலத்தில் வெளியிடும் பொறுப்பும் அவ்வந் நாட்டையே சார்ந்தது. மொன்றியல் நகரிலுள்ள சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து நிறுவனம் இதற்கென வகுத்த நெறிகள், உடன்படிக்கையின் பதினைந்தாம் இணைப்பாக உள்ளன. இன்று 193 நாடுகள் அந்நிறுவனத்தில் அங்கம் வகிக்கின்றன.

விமானி படிப்பவை பெரும்பாலும் மூவகைப்படும். முதலாவது, ஒவ்வொரு நாடும் வெளியிடும் விமானத் தகவல் நூல். ஓடுபாதையின் நீளம், வான்வழிகள், வானொலி அலைவரிசைகள், அந்நாட்டின் மேலாகப் பறப்பதற்குப் பெறவேண்டிய அனுமதி முதலிய நிலையான செய்திகள் அதில் அடங்கும். இதனை அந்நாட்டு வானத்தின் பஞ்சாங்கம் எனலாம். முக்கியமான மாற்றங்கள் 28 நாளைக்கு ஒருமுறை, உலகெங்கும் ஒரே தேதியில் நடைமுறைக்கு வரும். இரண்டாவது, வானிலை அறிக்கை. மூன்றாவது, திடீரென நேரும் மாற்றங்களைத் தெரிவிக்கும் அவசர அறிவித்தல்.

ஒரு காலத்தில் இவையெல்லாம் தடித்த நூல்களாகவும் தந்தித் தாள்களாகவும் விமான நிலையக் கந்தோர்களிற் குவிந்து கிடந்தன. இன்று இணையத்தளங்களில் இருந்த இடத்திலிருந்தே படிக்கலாம். பல நாடுகளின் தகவல் நூல்கள் அங்கே திறந்து கிடக்கின்றன. ஐரோப்பாவின் யூரோகொன்றோல் நிறுவனம் பல நாட்டுத் தகவல்களை ஒரே களஞ்சியமாகத் திரட்டி, அடிப்படைச் சேவையை இலவசமாகவே வழங்குகின்றது. அமெரிக்காவின் விமான வானிலை நிலையம் உலகின் பல விமான நிலையங்களது வானிலை அறிக்கைகளை யாவரும் காண வைத்திருக்கின்றது. கட்டுநாயக்காவுக்கு வி.சி.பி.ஐ., யாழ்ப்பாணத்துக்கு வி.சி.சி.ஜே. என நான்கெழுத்துக் குறியீடுகள் உண்டு. கட்டுநாயக்காவின் குறியீட்டை அங்கே இட்டு, காற்றின் திசையையும் வேகத்தையும் மாணவர் எவரும் படித்துப் பார்க்கலாம். பூகோள பாடத்துக்கு அது நல்லதொரு பயிற்சி.

எழுத்து உயிர் காக்கும் என்பதற்கு ஒரு சான்று காட்டுவோம். 1982 ஆம் ஆண்டு ஜூன் 24 ஆம் நாள் இரவு, கோலாலம்பூரிலிருந்து பேர்த் நகருக்குச் சென்ற பிரித்தானிய விமானமொன்று ஜாவாத் தீவுக்குத் தெற்கே பறந்துகொண்டிருந்தது. திடீரென அதன் நான்கு இயந்திரங்களும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுபோயின. கலுங்குங் எரிமலை கக்கிய சாம்பற் படலத்துள் அது நுழைந்திருந்தது. முகிலில் உள்ள நீர்த்துளிகளைக் காட்டும் ராடார் கருவி உலர்ந்த சாம்பலைக் காட்டுவதில்லை. படலத்துக்குக் கீழே இறங்கிய பின்னர் இயந்திரங்கள் மீண்டும் உயிர்பெற்றன. விமானம் ஜகார்த்தாவிற் பத்திரமாக இறங்கியது. எரிமலை குமுறியதை நிலத்திலிருந்தோர் அறிந்திருந்தும், அச்செய்தியை விமானியிடம் சேர்க்கும் ஒழுங்கு அன்று இருக்கவில்லை. அதன் பின்னரே உலகளாவிய எரிமலைக் கண்காணிப்பு அமைந்தது. இன்று ஒன்பது ஆலோசனை நிலையங்கள் உலகின் வானத்தைப் பங்கிட்டுச் சாம்பல் செல்லும் திசையை அறிவிக்கின்றன. இந்தோனேசிய எரிமலைகளைக் கவனிப்பது அவுஸ்திரேலியாவின் டார்வின் நிலையம்.

ஆயின், செய்தியை வெளியிட்டுவிட்டால் மட்டும் போதுமா? இங்கேதான் மூன்றாம் வகையாகிய அவசர அறிவித்தல் நம் சிந்தனைக்கு உரியதாகின்றது. அதனை விமானிகள் ‘நோட்டம்’ என்பர். ‘விமானிகளுக்கு அறிவித்தல்’ என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் சுருக்கம் அது. தமிழிலோ நோட்டம் என்னுஞ் சொல், பொன்னையும் நாணயத்தையும் உற்றுப் பார்த்து நல்லது இது, போலி இது எனத் தேர்தலைக் குறிக்கும். இரு சொற்களுக்கும் உறவில்லை. எனினும், ஆங்கில நோட்டத்துக்கு இன்று வேண்டியது தமிழ் நோட்டமே என்று கூறத் தோன்றுகின்றது.

காரணம் என்னவெனில், இவ்வறிவித்தல்கள் தந்திக் காலத்து நடையிலேயே நெடுங்காலம் நின்றுவிட்டன. முழுவதும் பெரிய ஆங்கில எழுத்துகள். மூச்சு விடாத சுருக்கங்கள். ஓடுபாதை மூடப்பட்ட செய்தியும், எங்கோ ஒரு பாரந்தூக்கியின் விளக்கு எரியாத செய்தியும் ஒரே தோற்றத்தில் அடுத்தடுத்து நிற்கும். மூன்று மாதத்துக்கு மேல் ஓர் அறிவித்தலை நீடிக்கலாகாது என்பது நெறி. ஆயினும் காலங்கடந்தவை நீங்காமற் கிடப்பதுண்டு. பாடசாலை அறிவித்தற் பலகையை எண்ணிப் பாருங்கள். சென்ற தவணை விளையாட்டுப் போட்டி, காணாமற்போன குடை, நூல்நிலைய நேரம் ஆகியவற்றின் நடுவே நாளைய பரீட்சை மண்டபம் மாறிய செய்தியும் ஒரு மூலையில் இருந்தால், அதனைக் காணாத மாணவனை மட்டுங் குறை கூறுதல் தகுமா?

2017 ஆம் ஆண்டு ஜூலை 7 ஆம் நாள், ரொறன்ரோவிலிருந்து வந்த எயர் கனடா விமானமொன்று நள்ளிரவை அண்டி சான் பிரான்சிஸ்கோவில் இறங்க முயன்றது. அங்கே இணையாக அமைந்த இரு ஓடுபாதைகளுள் இடப்பக்கத்தது திருத்த வேலைக்காக மூடப்பட்டு இருண்டிருந்தது. இரண்டு ஓடுபாதைகளையும் காண எதிர்பார்த்த விமானிகள், இறங்கவேண்டிய ஓடுபாதையை இடப்பக்கத்ததாகவும், அதற்கு அப்பாலுள்ள பக்கப் பாதையை ஓடுபாதையாகவும் மயங்கினர். அப்பக்கப் பாதையிலோ நான்கு விமானங்கள் பயணிகளோடு புறப்படக் காத்து நின்றன. நிலத்திலிருந்து ஏறக்குறைய 60 அடி உயரம்வரை தாழ்ந்த பின்னரே வந்த விமானம் மேலெழுந்தது. ஒருவருக்கும் ஊறு நேரவில்லை.

ஓடுபாதை மூடப்பட்ட செய்தி அவ்விமானிகளுக்குக் கொடுக்கப்பட்டேயிருந்தது. 27 பக்கங்கொண்ட பறப்புப் பத்திரத்தில் எட்டாம் பக்கத்தில் அது இருந்தது. அது அவர்கள் மனத்திற் பதியவில்லை; வேண்டிய கணத்தில் நினைவுக்கு வரவும் இல்லை. அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை 2018 இல் ஆராய்ந்து, இத்தகைய செய்திகளை முக்கியத்துக்கேற்ப வரிசைப்படுத்தி, மனித மனம் ஏற்கும் முறையில் வழங்க வழிகாணுமாறு விதந்துரைத்தது.

அறிவித்தல் புதைந்து கிடப்பது ஒரு குறை. உள்ளதை உள்ளவாறு சொல்லாமை மற்றொரு குறை. அது முன்னதினும் கொடிது. 2014 ஆம் ஆண்டு ஜூலை மாதம் உக்ரேன் நாட்டின் கிழக்கிலே போர் நடந்துகொண்டிருந்தது. ஜூலை 14 ஆம் நாள் இராணுவப் போக்குவரத்து விமானமொன்று அங்கே சுட்டு வீழ்த்தப்பட்டது. அன்றே 32,000 அடிக்குக் கீழே பறத்தல் தடைசெய்யப்பட்டது. மூன்று நாள் கழித்து, அம்ஸ்ரடாமிலிருந்து கோலாலம்பூருக்குச் சென்ற மலேசிய விமானம் 33,000 அடியில், விதிக்கு அமைய, அவ்வழியே சென்றது. ஏவுகணை தாக்கியது, 298 உயிர்கள் மடிந்தன. அன்று மட்டும், வான்வெளி மூடப்படும்வரை, 160 பயணிகள் விமானங்கள் அப்பகுதியின் மேலாகப் பறந்திருந்தன என நெதர்லாந்தின் பாதுகாப்புச் சபை 2015 இற் கண்டறிந்தது. வான்வெளியை முற்றாக மூடுவதற்குப் போதிய காரணம் உக்ரேனுக்கு இருந்தது எனவும், வெளியிட்ட அறிவித்தல்களோ உயரத்தடைக்கு உரிய உண்மைக் காரணத்தைக் கூறவில்லை எனவும் அச்சபை எடுத்துரைத்தது. காரணத்தை மறைத்த எச்சரிக்கை பாதி எச்சரிக்கையே.

2020 ஆம் ஆண்டு ஜனவரி 8 ஆம் நாள் தெஹ்ரானிற் புறப்பட்ட உக்ரேனிய விமானத்தை ஈரானியப் படையினரே ஏவுகணையால் வீழ்த்தினர். 176 பேர் இறந்தனர். சில மணி நேரத்துக்கு முன்னரே, ஈரானிய வானிற் பறக்கலாகாதென அமெரிக்கா அறிவித்திருந்தது. ஆனால் அது அமெரிக்க விமானங்களையே கட்டுப்படுத்தியது. ஈரான் தன் வானத்தை மூடவில்லை. வானத்துக்கு உரிமையுடையவனே அதன் அபாயத்தைச் சொல்லவேண்டியவனும் ஆதலால், அவன் வாய்திறவாதவிடத்து விமானிக்கு வேறு சாட்சி வேண்டியதாகின்றது. இக்காரணத்தால், ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகவரகம் போர் நடக்கும் பிரதேசங்களைப் பற்றித் தனி அறிக்கைகளை வெளியிடுகின்றது. விமானிகளும் பறப்புத் திட்டமிடுவோரும் அங்கம் வகிக்கும் ஒப்ஸ்குரூப் எனும் அமைப்பு, நாடுகள் விடுக்கும் எச்சரிக்கைகளையெல்லாம் ஓரிடத்தில் திரட்டி, எளிய நடையிலே தருகின்றது. முன்னே சென்றவன் திரும்பி வந்து சொல்லும் பழைய வழக்கமே இவ்வுருவில் ஆகாயத்துக்கும் வந்திருக்கின்றது.

குறைகள் பல இருப்பினும் இவ்வெழுத்தின்றிப் பறத்தல் இயலாது. 2023 ஆம் ஆண்டு ஜனவரி 11 ஆம் நாள், சில கோப்புகள் தவறுதலாக அழிக்கப்பட்டமையால் அமெரிக்காவின் அறிவித்தல் ஒழுங்கு செயலிழந்தது. இயந்திரங்கள் நன்றாயிருந்தன, வானமும் இருந்தது. எனினும் நாடெங்கும் விமானங்கள் காலை ஒன்பது மணிவரை புறப்படாது நிறுத்தப்பட்டன.

எழுதுவோன் முதன்மையானதை முதலில் வைத்து, காரணத்தை மறையாது சொல்லல் வேண்டும். படிப்போன் பக்கங்களைப் புரட்டுவதோடு அமையாது, ‘இன்றைய என் பயணத்தை மாற்றக்கூடியது இதில் எது?’ என்ற வினாவோடு படித்தல் வேண்டும். இவ்விரண்டும் கூடும்போதே அறிவித்தல் அறிவாகின்றது. விமானியின் அறைக்கு மட்டுமன்றி, மருந்துப் போத்தலின் சீட்டுக்கும், பரீட்சை வினாத்தாளின் தலைப்புக் குறிப்புக்கும், வீட்டுக்கு வரும் அரசாங்கக் கடிதத்துக்கும் இது பொருந்தும். நம் மாணவர்கள் படிக்கப் பழகியிருக்கின்றார்கள். நோட்டம் பார்க்கவும் பழகுவார்களாக.