1942க்கு முன்பா, பின்பா?

அந்தமானில் போர்ட் பிளேரை அடுத்த கராச்சர்மா வாசிகளுக்கு விமானச் சத்தம் பழகிப்போன ஒன்று. பக்கத்திலேயே லாம்பாலைன் ஓடுபாதை. 2023 ஜூலையில் அங்கே புதிய முனையம் திறக்கப்பட்டது. விடுதிக்காரர் முதல் ஆட்டோ ஓட்டுநர் வரை பலருக்கும் அந்த விமானங்களில்தான் பிழைப்பு. அங்கே முதலில் ஓடுபாதை போட்டவர்கள் ஜப்பானியப் படையினர். மண் சுமந்தவர்கள், கட்டாய வேலைக்கு இழுத்துவரப்பட்ட உள்ளூர் மக்கள்.

1942 மார்ச் 23 அன்று போர்ட் பிளேரில் இறங்கிய ஜப்பானியர், 1945 அக்டோபர் வரை தீவுகளைப் பிடித்து வைத்திருந்தார்கள். 1943 டிசம்பர் 30 அன்று நேதாஜி அங்கே கொடியேற்றினார். அதே நாட்களில் இந்திய சுதந்திர லீக்கின் உள்ளூர்த் தலைவர் டாக்டர் திவான் சிங், உளவாளி என்ற சந்தேகத்தில் செல்லுலார் சிறைக்குள் வதைபட்டுக்கொண்டிருந்தார். ஜனவரி 14இல் இறந்தார். ஜனவரி 30இல் ஹம்ப்ரிகஞ்சில் 44 பேரைச் சுட்டுக் கொன்றார்கள்.

போர் முடிந்ததும் பிரிட்டிஷாரின் கைதிக் குடியிருப்பு கலைக்கப்பட்டது. தீவுகளுக்கு அது பெரிய விடுதலை. 1949 முதல் கிழக்கு வங்க அகதிகள் வந்தார்கள். வயலும் மேட்டு நிலமுமாக ஒரு குடும்பத்துக்குப் பத்து ஏக்கர் அளவில் கிடைத்தது. ஜாரவாப் பழங்குடியினரின் காடு சுருங்கியதும் இந்தக் கணக்கில்தான் சேரும்.

இன்றைக்கும் அந்தமானில் 1942 என்பது வெறும் ஆண்டு அல்ல. அதற்கு முன்பே வேரூன்றிய ‘லோக்கல் பார்ன்’ மக்கள் இதர பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள். அதில் குறை சொல்ல எதுவுமில்லை. பசியையும் அடியையும் தாங்கியவர்களின் பிள்ளைகள் அவர்கள்.

பின்னால் கப்பலேறி வந்த தமிழர் நிலை வேறு. சாலையும் கட்டடமும் எழுப்ப வந்தார்கள், துறைமுகத்தில் மூட்டை தூக்கினார்கள். சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து வந்தவர்கள் கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டினார்கள். 2011 கணக்கெடுப்பின்படி தீவுகளில் நூற்றுக்குப் பதினைந்து பேரின் தாய்மொழி தமிழ். போருக்குப் பிந்தைய அந்தமானைக் கட்டியதில் இவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால் குடியேற்றத் திட்டத்தில் வந்தவர்களைப்போல் கூலிக்கு வந்தவர்களுக்கு யாரும் நிலம் அளந்து கொடுக்கவில்லை. பலர் பட்டா இல்லாத மண்ணில் வீடு கட்டி, பேரப்பிள்ளையும் கண்டுவிட்டார்கள்.

இங்கே சட்டமன்றம் கிடையாது. மக்களவைக்கு ஒரே ஓர் இடம். முறையிட நிர்வாகத்தையும் தில்லியையும் விட்டால் வேறு வாசல் இல்லை. அந்தத் தில்லி 2018இல் மூன்று தீவுகளின் பெயரை மாற்றியது. 2024இல் போர்ட் பிளேரை ஸ்ரீ விஜயபுரம் ஆக்கியது. பெயர்ப்பலகை மாற்றக் காட்டிய வேகத்தைப் பட்டாவிலும் காட்டலாமே?

பழைய உரிமைக்காரர் ஒருவரின் பங்கையும் குறைக்க வேண்டாம். எத்தனை தலைமுறையாக ஒரு குடும்பம் இந்த மண்ணில் உழைக்கிறது என்பதையும் உரிமைக்கான அளவுகோலில் சேர்த்தால் போதும். தீவுகளின் மக்களவை உறுப்பினர் இந்தக் கோரிக்கையை அடுத்த கூட்டத்தொடரிலேயே எழுப்ப வேண்டும்.