பரிணாமப் பாடமும் நம் வீட்டுப் பிள்ளைகளும்

கல்லூரிச் சேர்க்கைக் காலம் வந்துவிட்டால் நம் குடும்பங்களில் ஒரு தயக்கம் தலைதூக்குகிறது. விலங்கியல் படிக்க விரும்பும் மகளிடம், "அதில் பரிணாமம் வருகிறதாமே, ஈமானுக்குப் பழுது நேராதா?" என்று கேட்கிறோம், வேறு பாடத்தை எடுக்கச் சொல்கிறோம். இந்த அச்சம் அக்கறையில் பிறந்தது. ஆயினும் அது காட்டும் வழி சரியானதன்று.

கூரத்திலிருந்து காஞ்சிபுரம் சென்று வரும் எவருக்கும் பட்டு புதிதன்று. அந்த இழையைத் தரும் பட்டுப்புழு, சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் சீனாவில் காட்டு இனமொன்றிலிருந்து பழக்கப்பட்டது. மனிதர் தம் தேவைக்கேற்பத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து வளர்த்ததால், இன்று அதன் அந்துப்பூச்சிக்குச் சிறகு இருந்தும் பறக்க இயலாது. பெண் பூச்சி வெளியிடும் ஒரு வேதிப்பொருளை உணர்ந்தே ஆண் பூச்சி அதனை நாடிச் செல்கிறது. ஜெர்மானிய அறிஞர் அடால்ஃப் பூட்டெனண்ட் 1959-இல் அப்பொருளை அடையாளங்கண்டார். உயிரினங்களின் மாற்றம், விலங்குகளின் நடத்தை ஆகிய இரு பாடங்களும் நம்மூர்ச் சேலையின் இழைக்குள்ளேயே இருக்கின்றன.

"புழுவைப் பற்றி நமக்குத் தகராறில்லை, மனிதனைப் பற்றிச் சொல்வதுதானே சிக்கல்?" என்பீர்கள். உண்மைதான். ஆதம் (அலை) அவர்களின் படைப்பு குறித்த இறைவாக்கையும் பாடநூலையும் எவ்வாறு பொருத்திப் பார்ப்பது என்பதில் முஸ்லிம் அறிஞரிடையே ஒரே கருத்து இல்லை. சிலர் பரிணாமத்தை மறுக்கின்றனர். சிலர் பிற உயிர்களுக்கு அதை ஏற்று, மனிதருக்கு விலக்களிக்கின்றனர். வேறு சிலர் அதையே இறைவனின் படைப்பு முறையாகக் காண்கின்றனர். இதை மறைக்காமல் பிள்ளையிடம் சொல்வதே நேர்மை. "அது வெறும் ஊகம்" என்று தள்ளிவிட்டால், ஆய்வகத்தில் சான்றுகளைக் காணும் நாளில் அவள் ஐயுறுவது நம் சொல்லையே.

உயிர்களை உற்றுநோக்குவது நம் மரபுக்கு அந்நியமும் அன்று. தேனீ, எறும்பு, சிலந்தி ஆகியவற்றின் பெயரால் திருக்குர்ஆனில் அத்தியாயங்கள் உள்ளன. ஒன்பதாம் நூற்றாண்டில் பஸராவின் அல்ஜாஹிஸ் விலங்குகளைப் பற்றியே 'கிதாபுல் ஹயவான்' என்னும் பெருநூலை எழுதினார். 1896-இல் பம்பாயில் பிறந்த சாலிம் அலி, தூக்கணாங்குருவிகளைப் பொறுமையுடன் கவனித்தார். ஆண் குருவி பாதி கட்டிய கூட்டைப் பெண் குருவி பார்த்துத் தேர்வதையும், பின்னர் ஆண் குருவி அடுத்த கூட்டைத் தொடங்குவதையும் பதிவு செய்தார். கோவை அருகே ஆனைகட்டியில் அமைந்த பறவையியல் ஆய்வு மையம் அவர் பெயரைத் தாங்கியது.

ஆகவே, பிள்ளைகள் பாடத்தை முறையாகக் கற்கட்டும். கற்றதைத் தேர்வில் தயங்காமல் எழுதட்டும். ஐயத்தோடு வீடு திரும்பினால் அதட்டாமல் செவிசாய்ப்போம். நமக்கு விடை தெரியாதபோது, துறை அறிந்த பேராசிரியரிடமும் மார்க்கம் அறிந்த ஆலிமிடமும் அழைத்துச் செல்வோம். வீட்டில் வாயடைக்கப்பட்ட கேள்வி மறைந்துவிடுவதில்லை. நாம் இல்லாத இடத்தில் விடை தேடும்.

வல்ல அல்லாஹ் நம் மக்களுக்குப் பயனுள்ள கல்வியை அருள்வானாக.